மயில்துத்தமும் மெய்ப்பிக்கும் சுமையும்

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் பிற பகுதிகளிலும் உள்ள காப்பித் தோட்டங்களில், இலைத் துரு நோயைத் தடுக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கரைத்து ஆக்கப்படும் போர்டோ கலவையைத் தெளிப்பது நெடுநாளைய வழக்கம். இதே கலவையைத் திராட்சைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் தெளித்த தொழிலாளரின் நுரையீரலில் செம்பு படிந்து தழும்பேறியிருந்ததைப் போர்ச்சுகல் மருத்துவர்கள் 1969-இல் பதிவு செய்தனர். எக்ஸ்ரே படத்தில் அது காசநோயைப் போலத் தோன்றக்கூடும் என்பதால், நோயாளியின் வேலையைப் பற்றிக் கேட்காத மருத்துவர் காசநோய் என்றே முடிவுகட்ட இடமுண்டு.

நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை யார் மெய்ப்பிப்பது என்பதில்தான் இழப்பீட்டு வழக்கின் உயிர் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குறித்த தொழில்நோய் என்றால், அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்பட்டது. மறுப்பவர் முதலாளியானால் சான்று தருவதும் அவர் பொறுப்பாக இருந்தது. அட்டவணைக்கு வெளியே உள்ள நோயானால், குறிப்பிட்டதொரு விபத்துக் காயத்தின் நேரடி விளைவு என்று தொழிலாளியே நிறுவ வேண்டியிருந்தது. அதன் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த அமைப்பையே தொடர்கிறது. கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு அட்டவணையில் உண்டு, செம்பு இல்லை. தெளித்த அன்றே ஆளை வீழ்த்தி, இரத்தப் பரிசோதனையிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நஞ்சுக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிப் படிவதற்கோ, எந்த நாளை விபத்து நாள் என்று சுட்டுவது என்ற விடையற்ற கேள்வியையே அது தொழிலாளியிடம் நீட்டுகிறது.

பீடியும் விறகு அடுப்பின் புகையும் காரணமாக இருக்கலாமே என்பது தோட்ட உரிமையாளர் தரப்பின் வழக்கமான வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால், கல்நார்த் தூசியால் வந்த புற்றுநோய்க்கு எந்த முதலாளியிடம் சுவாசித்த தூசி காரணம் என்று அறிவியலால் பிரித்துக் காட்ட இயலாத ஃபேர்சைல்டு வழக்கில், ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பாளியே என்று 2002-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்தது. பருவத்துக்கு ஒரு தோட்டமென மாறி உழைக்கும் மலைத் தொழிலாளருக்கு அந்த அளவுகோலே பொருந்தும்.

எனவே செம்பால் வரும் நுரையீரல் நோய் அட்டவணையில் சேர்க்கப்பட வேண்டும். தெளிப்புப் பதிவேடு காட்டாத முதலாளிக்கு எதிராகவே அனுமானம் செல்ல வேண்டும். என்ன மருந்து, எத்தனை நாள், யார் கையால் தெளிக்கப்பட்டது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. கல்நார் தொழிலாளர் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், உடல்நலப் பதிவேடுகளை வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகளோ ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்க ஆணையிட்டது. சிறு தோட்டக்காரர் தனி மருத்துவரை அமர்த்துவது நடவாத காரியம்தான். தெளித்த நாளையும் மருந்தையும் ஆளின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து, ஆண்டுக்கு ஒருமுறை அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூச்சுப் பரிசோதனைக்கு அனுப்புவது அப்படிப்பட்டதன்று.