தடிமனுக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்



இலங்கையின் ரயில் நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி. அந்தக் குளிரில் கைக்குழந்தைக்கு மூக்கடைப்பும் இருமலும் வருவது புதுமையல்ல. வந்ததும் சில வீடுகளில், "தலை முழுகின உடம்பு, பால் குளிர்ந்திருக்கும், ரெண்டு நாளைக்கு நிப்பாட்டு" என்பார்கள். பதிலுக்குக் கொத்தமல்லித் தண்ணீரும் பால்மாவும் வரும்.

தாய்ப்பால் குளிர்வதில்லை. தாயின் உடற்சூட்டோடுதான் அது பிள்ளையின் வாய்க்கு வருகிறது. தாய்க்கே தடிமன் என்றாலும், அந்தக் கிருமியை எதிர்க்க அவள் உடல் உண்டாக்கும் சக்தி பால் வழியே பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது. கையைக் கழுவி, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு பால் கொடுங்கள். பிள்ளைக்கு மூக்கடைத்திருந்தால் மூக்கைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். முதல் 6 மாதங்களுக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை.

தென் பிரேசிலின் இரு நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 1987இல் வெளியானது. வேறு பால் கலவாமல் தாய்ப்பால் குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலே பெறாத குழந்தைகள் சுவாச நோயால் இறக்கும் ஆபத்து 3.6 மடங்கு என்று அது கண்டது.

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்குத் திருக்குர்ஆன் (அல்பகரா, 233) முழுமையான இரண்டு ஆண்டுகளைக் கூறுகிறது. அதே வசனம் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தகப்பனின் கடமையாக்குகிறது. இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை படுக்கும் அறையில் அடுப்புப் புகையும் சிகரெட் புகையும் சேராமல் பார்ப்பதும் அவர் பொறுப்பே. தோட்டத்தில் வேலை செய்யும் தாய்மாரே, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்தில் இடைவேளை பெறுவது உங்கள் சட்டபூர்வ உரிமை. கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஆனால் தாய்ப்பால் கொடுக்கிறோமே என்று அசட்டையாகவும் இருந்துவிடாதீர்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலும், குடிக்க முடிந்தால், பால் கொடுங்கள்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் காத்தருள்வானாக!