கட்டிடம் எழுந்தது, மன்றம் எங்கே?

2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த புதுவை நகராட்சியின் மேரி கட்டிடத்தை உலக வங்கிக் கடனில் கட்டி, 2021-ல் திறந்தார்கள். கட்டிடம் வந்தது, கவுன்சிலர்கள் எங்கே?

1968-க்குப் பின் 38 ஆண்டு கழித்து 2006-ல்தான் தேர்தல். 2011-ல் அந்த மன்றங்களின் ஆயுள் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் வார்டு ஒதுக்கீட்டுக் குளறுபடியில் நின்றது.

சாக்கடை அள்ளவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்றால், "நிதி இல்லை" என்கிறார்கள். இருக்கிற நிதி எந்தத் தெருவுக்குப் போயிற்று? அதைக் கேட்க மன்றத்தில் நம் ஆள் இல்லையே!

ஐந்தாண்டுக்கொரு தேர்தல் அரசியல் சட்டத்தின் கட்டளை. சர்க்கார் போடும் பிச்சையல்ல. 2020-ல் மூடிய ஏ.எப்.டி. மில் வாசலிலும் பாகூர் வயல் வரப்பிலும் ஒரே முழக்கம் எழட்டும்: நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் உடனே தேர்தல் நடத்து!