அலுமினியமும் உப்புக் காற்றும்

மணலி புதுநகரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஓயாத விசாரம் ஒன்றுண்டு. எண்ணூர்க் கடற்காற்றுப் பட்டு, எஞ்சினின் அலுமினிய மூடிகளில் வெண்பொடி பூத்துவிடுகிறது. 1955-இல் ஸ்தாபிதமான என்பீல்டு இந்தியா கம்பெனியார் அண்டையிலுள்ள திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டுகளும் இதற்கு விலக்கல்ல.

மெருகிடுவதா, வர்ணம் பூசுவதா?

உப்புத்தாளால் (பெயரில் மட்டுமே உப்பு!) தேய்த்துத் துணிச்சக்கரத்தில் மெருகேற்றினால் கண்ணாடிபோல் ஜொலிக்கும், சந்தேகமில்லை. அலுமினியம் தன்மேல் தானே மெல்லிய ஆக்ஸைடுப் போர்வை போர்த்துக்கொள்ளும். ஆனால் கடலுப்பு அதைத் துளைத்துவிடுமாதலால், அடிக்கடி துடைத்து மெழுகு தடவும் பொறுமை வேண்டும். அது இல்லாதவர் வர்ணத்தை நாடுவதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம். எண்ணெய்ப் பிசுக்கை அறவே நீக்கி, அலுமினியத்திற்குரிய அடிப்பூச்சிட்டு, சூடு தாங்கும் வர்ணத்தை மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்த பூச்சு எஞ்சினின் உஷ்ணம் வெளியேறுவதைத் தடுக்கும். அடிப்பூச்சில்லாத வர்ணமோ சீக்கிரம் உரிந்து, அதன் கீழே உப்புநீர் தங்கும்.

அழுக்கெடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்போர் சிலர் உளர். அது அழுக்கோடு அலுமினியத்தையும் தின்றுவிடும். 1898-லேயே சாட்டர்டன் துரையின் முயற்சியால் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யப் பழகிய நம் நகரத்தில் இந்த அறியாமை ஏனோ! மண்ணெண்ணெயும் மிருதுவான பிரஷுமே அதற்குப் போதும். எஞ்சின் மட்டும் ஆறியிருக்கட்டும்.