கடற்கரை காலி மனையா?

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. தமிழ்நாட்டில் கடலோர மாவட்டங்கள் 14. அந்தப் பட்டியலில் விருதுநகர் இல்லை. சிவகாசிக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். இல்லாவிட்டால் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போக வேண்டும்.

ஆனால் சென்னைக் கடற்கரைச் சாலைக்குப் பெயர் என்ன? காமராஜர் சாலை. எண்ணூர்த் துறைமுகத்துக்கும் 2014 முதல் காமராஜர் பெயர்தான். கடல் இல்லாத ஊரில் பிறந்தவரின் பெயர் கடலோரத்தில் இரண்டு இடங்களில் நிற்கிறது.

பட்டாசு வேலையும் தீப்பெட்டி வேலையும் பார்க்கிற இந்த வட்டாரத்தில், சென்னைக்குப் போய் மெரினாவைப் பார்க்காமல் திரும்புகிறவர் யார்? உயரமான கட்டடங்களைப் பார்க்கிறார்களோ இல்லையோ, மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்று, குழந்தைகளின் காலை அலையில் நனைத்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் இல்லை. அந்த மணலை என்ன செய்வது என்பதுதான் இப்போது கேள்வி.

இரண்டு கைகள்

மெரினாவிலிருந்து கோவளம் வரை உள்ள கரையைச் சீரமைக்கச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் திட்டம் வகுத்தது. நடைபாதை, இருக்கை, விளையாட்டு இடம், விளக்கு என்று பல ஏற்பாடுகள். மெரினாவில் ஒரு பகுதியை உலகத் தரத்துக்குக் கொண்டுவந்து நீலக்கொடி பெற வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டில் மூங்கில் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் போட்டார்கள். இது நகரத்தின் கை.

இன்னொரு கை மாநில அரசின் கடற்கரைக் கொள்கை. அலையாத்திக் காடுகளை வளர்க்க வேண்டும், கடற்புல்லைக் காக்க வேண்டும், கரை அரிப்பைத் தடுக்க வேண்டும் என்று நெய்தல் மீட்சி இயக்கம் தொடங்கப்பட்டிருக்கிறது. கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் என்று ஓர் அமைப்பும் இருக்கிறது. கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று பார்ப்பது அதன் வேலை.

ஒரு கை கட்டுகிறது. ஒரு கை காக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தெரிந்து நடந்தால் நல்லது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? முதலில் நகரம் அழகான படம் வரைகிறது. படம் பத்திரிகையில் வருகிறது. பணம் ஒதுக்குகிறார்கள். அதற்கு அப்புறம்தான் கடற்கரைச் சட்டத்தின் வாசலில் போய் அனுமதி கேட்கிறார்கள். தாலி கட்டியபின் ஜாதகம் பார்ப்பது போன்றது இது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் ஒன்றும் புரியாத விஷயம் அல்ல. 1981-ஆம் ஆண்டு பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். கரையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழுப்பாமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்து ஆண்டு கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. 2011-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் புதிதாக எழுதப்பட்டது.

கடல் பொங்கி ஏறும்போது நீர் எட்டுகிற கோட்டை உயர் அலைக் கோடு என்கிறார்கள். அதிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. நகரங்களில் ஒரு முக்கியமான விதி: ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கத்தில்தான் புதிய கட்டடம் வரலாம். கடல் பக்கம் கூடாது.

ஆனால் விதி வர வர இளகிக்கொண்டே வருகிறது. ஜன நெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில் 200 மீட்டர் தடை, 2019-இல் 50 மீட்டராகச் சுருங்கியது. நீலக்கொடிக் கடற்கரைகளில் சில வசதிகளை உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி அமைக்கலாம் என்று 2020 ஜனவரியில் அனுமதி வந்தது. பத்து மீட்டர் என்பது என்ன? சிவகாசிக் கடைத்தெருவில் நாலு கடை முகப்பு.

சிவகாசிக்குத் தெரிந்த பாடம்

கரையோரம் எதற்காகக் காலியாகக் கிடக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் சொல்லச் சிவகாசியை விடத் தகுந்த ஊர் வேறு எது?

பட்டாசு ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன அறைகள் தனித்தனியே நிற்கும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் மண்தரை. அங்கே ஒன்றும் கிடையாது. புதிதாக வருகிறவர் பார்த்தால், "இவ்வளவு இடத்தை வீணாக்கி வைத்திருக்கிறார்களே!" என்று நினைப்பார். மருந்து கலக்குகிறவரைக் கேட்டால் சொல்வார்: அந்த வெறுந்தரைதான் அடுத்த அறையில் இருப்பவரின் உயிர்.

ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் இருக்க அந்த இடைவெளி. ஆலைக்கு உரிமம் கொடுக்கும்போதே வரைபடத்தில் அதைக் குறித்துவிடுகிறார்கள். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று இந்த வட்டாரத்தில் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்களே, அந்த மூன்றிலும் வரைபடம் முதலில், கட்டடம் பிறகு.

வரைபடம் ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமும் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் கண்டிருக்கிறது. அறைக்கு நான்கு பேர் என்றால் பத்துப் பேரை உட்கார வைப்பது. காலியிடத்தில் மரத்தடியில் வைத்துப் பட்டாசு செய்வது. உள்குத்தகைக்கு விடுவது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலை அது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியானார்கள். விதி இல்லாமலா போயிற்று? விதி காகிதத்தில் இருந்தது. வேலை வேறு விதமாக நடந்தது.

கடற்கரை மணலும் அந்த வெறுந்தரை போன்றதுதான். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, மெரினாவில் நடைப்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் வந்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அந்த அகலமான மணல் இல்லாமல், அலைக்கு எதிரே வரிசையாகக் கட்டடங்கள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மணல் எப்படி வந்தது?

மெரினாவின் மணலே ஒரு கட்டுமானத்தால் வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். ஆனால் வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் போவது நின்றது. கடல் நிலத்தைத் தின்றது. அங்கே கல்லைக் கொட்டிக் கடலைத் தடுக்கும் வேலை இன்றைக்கும் ஓயவில்லை. ஓர் ஊருக்கு உல்லாசம் கிடைத்தது. பக்கத்து ஊருக்கு வீடு போயிற்று. கரையில் ஒரு கல்லை வைத்தால் அதன் பலன் எங்கே போய் முடியும் என்பதை நகரசபை மட்டும் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட முடியாது.

கரையை நம்பி வாழ்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முற்பட்டபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு வரை போயிற்று, உயிர்கள் பறிபோயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் சாலையோர மீன் கடைகளைப் பற்றி மீண்டும் பிரச்சினை எழுந்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றது ஒரு தரப்பு. "எங்கள் குப்பத்தின் நடுவே சாலையைப் போட்டுவிட்டு எங்களையே இடைஞ்சல் என்பதா?" என்பது மீனவர் கேள்வி. அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? 2024 ஆகஸ்டில் சுமார் 15 கோடி ரூபாய்ச் செலவில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. முதலிலேயே அவர்களையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது.

மீனவ ஊர்கள், படகு நிறுத்தும் இடம், மீன் உலர்த்தும் இடம், வலை பின்னும் இடம் எல்லாவற்றையும் கடற்கரை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. 2011 அறிவிக்கையிலேயே மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் குறிக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் 2019 விதிப்படி தமிழ்நாட்டுக்குத் தயாரித்த வரைவுப் படம் வந்தபோது, தங்கள் இடங்கள் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் முறையிட்டார்கள். படத்தில் இல்லாத இடம், திட்டம் போடுகிறவர் கண்ணுக்குக் காலி மனைதானே!

மரடு வெடித்த கதை

கேரளத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கொச்சி அருகே மரடு. 2006-இல் அங்கே உள்ளூர்ப் பஞ்சாயத்து, காயல் கரையில் அடுக்குமாடி வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது. கடற்கரை ஆணையத்தைக் கேட்கவில்லை. வீடுகள் எழுந்தன. ஜனங்கள் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். வழக்கு நடந்தது. 2019 மே மாதம், இடித்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

2020 ஜனவரி 11, 12 ஆகிய இரண்டு நாட்களில் நான்கு வளாகங்கள், 300-க்கும் மேற்பட்ட வீடுகள், வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் சில விநாடிகளில் மண்ணோடு மண்ணாயிற்று. வெடிவைப்பை மேற்பார்வை பார்த்தது யார் தெரியுமா? சிவகாசி ஆலைகளுக்கு உரிமம் வழங்குகிற அதே மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புத்தான்! வீட்டை இழந்தவர்களுக்கு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடுக்க உத்தரவாயிற்று. ஓர் அலுவலகம் கொடுத்த சீட்டை இன்னொரு அலுவலகம் ஏற்காவிட்டால் நடுவில் நசுங்குகிறவர் ஏமாந்த குடும்பஸ்தர்தான்.

பம்பாயிலும் இதே தொல்லை. கடலோரச் சாலைக்குக் கொடுத்த கடற்கரை அனுமதியை 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அனுமதிக்கும் வரை வேலை நின்றது.

வசதி வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும். கழிப்பறை இல்லாத கடற்கரை பெண்களுக்குப் பயன்படாது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அலையைத் தொட ஆசை இருக்கும். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத் திறனாளிகளுக்காக மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். அது நல்ல காரியம். அதற்குப் பதினைந்து நாட்களுக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் கடலோர முனையைச் சேதப்படுத்திவிட்டது. பிறகு பழுது பார்த்தார்கள். மரம் ஆனதால் சரிசெய்ய முடிந்தது. அதே இடத்தில் சிமெண்டுத் தளமும் கடைவரிசையும் இருந்திருந்தால்? கழற்றி மாட்டக்கூடியதைக் கடல் பக்கமும், கட்டி எழுப்புவதைச் சாலைக்கு மேற்கேயும் வைத்தால் வசதிக்கும் குறைவில்லை, சட்டத்துக்கும் விரோதமில்லை.

சென்னைக்கு 2008-இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும் போட்டது. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாவது திட்டத்துக்குரிய வேலையை 2022-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் திட்டப் படத்தில் முதல் கோடாக உயர் அலைக் கோட்டை வரைய வேண்டும். இரண்டாவதாக மீனவர் இடங்களை. அதற்குப் பிறகு மிஞ்சுவதில் இருக்கையும் விளக்கும் வரட்டும். கடற்கரை ஆணையம் கடைசியில் முத்திரை குத்துகிற இடமாக இருக்கக்கூடாது. முதல் நாள் கூட்டத்திலேயே அதன் ஆள் நாற்காலியில் இருக்க வேண்டும். படம் தமிழில் இருக்க வேண்டும். நொச்சிக்குப்பம் அங்காடிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

நம் ஊர்க் கரைகள்

கடல் இல்லாத விருதுநகர் மாவட்டத்துக்கும் கரைகள் உண்டு. கண்மாய்க் கரைகள். சிவகாசி 2021-இல் மாநகராட்சி ஆனது. ஊர் பெரிதானால் கண்மாய்க் கரையில் நடைபாதை, பூங்கா, வண்ண விளக்கு என்று ஆசை வருவது இயல்பு. ஆசை தப்பல்ல. ஆனால் நடைபாதை போடுகிற சாக்கில் கண்மாயின் நீர்ப்பரப்பைக் குறுக்கிவிடக்கூடாது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஏரியை அளந்து எல்லையைக் குறிக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு.

அருச்சுனா நதி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேருகிறது. மாரியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கூடுதுறையைப் பார்த்திருப்பார்கள். வைப்பாறு அங்கிருந்து தூத்துக்குடி மாவட்டத்துக்குள் போய், சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நம் கண்மாய்களில் தேங்காமல் ஓடுகிற தண்ணீரும், அதோடு போகிற மணலும், அதோடு போகிற குப்பையும் சேருகிற இடம் அந்தக் கடற்கரைதான். அடுத்த முறை மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கரை அழகுத் திட்டம் என்று படம் காட்டினால், நீர்வள இலாகா அளந்து குறித்த எல்லைக்கல் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று வரி கட்டுகிறவர்கள் கேட்கலாம்.