முல்லைப் பெரியாறு: 142 அடி சண்டைக்குப் பின்னால் ஒளிஞ்சிருக்கும் மின்சாரக் கணக்கு என்ன?

தேனி மாவட்டம் பொட்டிப்புரம்னு சொன்னா பலருக்கும் நியூட்ரினோ ஆய்வகம்தான் ஞாபகம் வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து சுரங்கம் அமைக்கும் அந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, எல்லைக்கு இரண்டு பக்கமும் கேட்ட ஒரு கேள்வி இது: "பாறைக்கு வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகள் என்ன ஆகும்?"

ஒரு சின்ன ஊராட்சியின் பிரச்னையில் இந்த இரண்டு அணைகளும் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் இருக்கும் இந்தப் பகுதியில் எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீரில் வந்துதான் நிற்கும். கேரளாவில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, மலை தாண்டி இங்கே வரும்போது பெரும்பாலும் வெறும் காற்றுதான்.

முல்லைப் பெரியாறு விவகாரம் என்றாலே 136 அடி, 142 அடி, 152 அடி என்று அடிக்கணக்குதான் செய்தியில் ஓடும். அணை பாதுகாப்பா இல்லையா என்பது ஒரு கேள்வி. அந்தத் தண்ணீர் மலையின் எந்தப் பக்கம் விழுந்து, யாருடைய டர்பைனைச் சுற்ற வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைப் பற்றிப் பேசுறவங்க குறைவு.

ஆற்றையே திருப்பிய அணை

பெரியாறு இயற்கையாக மேற்கே ஓடி அரபிக் கடலில் சேரும் ஆறு. ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட அணை, அதன் தண்ணீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிறது. அங்கிருந்து சுருளியாறு, வைகை என்று போய் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பயன்படுகிறது.

அணை இருப்பது கேரளாவில். இயக்குவது தமிழ்நாடு. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் இந்திய அரசும் போட்ட 999 ஆண்டு குத்தகைதான் இதற்கு அடிப்படை. சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை.

மின்சாரம் எப்போது உள்ளே வந்தது?

1886 ஒப்பந்தம் பாசனத்துக்காகப் போட்டது. மின் உற்பத்தி பற்றி அதில் பேச்சே இல்லை. பின்னாளில், 'இவ்வளவு உயரத்தில் இருந்து தண்ணீர் விழுதே, மின்சாரம் எடுக்கலாமே' என்று மெட்ராஸ் மாகாணம் கிளம்பியபோது திருவிதாங்கூர் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு நடுவரிடம் போனது. தண்ணீரைப் பாசனத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று 1941-ல் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி தீர்ப்பளித்தார். அந்தச் சுற்றில் ஜெயித்தது திருவிதாங்கூர்.

சுதந்திரத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தை நடந்து, 1950-களின் பிற்பகுதியில் லோயர்கேம்ப்பில் பெரியாறு நீர்மின் நிலையம் உருவானது. ஆனால் எழுத்துப்பூர்வமான துணை ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே மாதம்தான். நிலத்துக்கு ஏக்கருக்கு 30 ரூபாய் வாடகை என்று உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளாவுக்குப் போனது. மின்சாரத்துக்கு ஒரு தொகை முடிவானது.

அந்தத் தொகையைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு, அதாவது 8,760 யூனிட்டுக்கு, 12 ரூபாய். ஆண்டு உற்பத்தி 35 கோடி யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் 18 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு பைசாவுக்கு 7 யூனிட். 35 கோடி யூனிட் உற்பத்தியானால் கேரளாவுக்குக் கிடைப்பது 5 லட்சம் ரூபாய்க்கும் குறைவு. 1970-ல் அது எப்படித் தெரிந்ததோ, இன்றைய கேரள அரசியல்வாதி எவருக்கும் இந்தக் கணக்கு இனிக்காது. 'புதிய அணை, புதிய ஒப்பந்தம்' என்ற கோரிக்கை வரும்போதெல்லாம் தமிழக விவசாயிகள் பதறுவதற்கும் இதுதான் ஒரு காரணம்.

லோயர்கேம்ப்பில் என்ன நடக்கிறது?

தேக்கடியில் இருந்து வரும் தண்ணீர், மலைச்சரிவில் பதித்த நான்கு ராட்சதக் குழாய்கள் வழியாகக் கீழே பாய்கிறது. நான்கு ஜெனரேட்டர்கள், தலா 42 மெகாவாட், மொத்தம் 168 மெகாவாட். சுமாராக வினாடிக்கு 100 கனஅடி தண்ணீருக்கு 9 மெகாவாட் மின்சாரம். ஜூன் மாதம் முதல் போகத்துக்கு 300 கனஅடி திறந்தால் 27 மெகாவாட் வரும்.

இங்கே மின்வாரியம் நினைத்த நேரத்தில் தண்ணீரைத் திறக்க முடியாது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இரு போக நெல்லுக்கும் குடிநீருக்கும் எவ்வளவு தேவையோ அதுதான் முதலில். போகிற வழியில் கிடைப்பதுதான் மின்சாரம். திறப்பு 100 கனஅடியாகக் குறைந்தால் உற்பத்தியை நிறுத்திவிட்டு, தண்ணீரை இரைச்சல்பாலம் வழியாக விட்டுவிடுவார்கள்.

அப்போ இடுக்கி எங்கே வருகிறது?

முல்லைப் பெரியாறுக்குக் கீழே, அதே பெரியாற்றில், கேரளாவின் மிகப்பெரிய நீர்மின் திட்டம் இருக்கிறது. 1976-ல் இயங்கத் தொடங்கிய இடுக்கி. மின் நிலையம் மூலமற்றத்தில், 780 மெகாவாட். முல்லைப் பெரியாற்றில் இருந்து வழியும் உபரி நீர் வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

பொதுவாக நீர்மின் நிலையம் தண்ணீரைக் குடிப்பதில்லை. டர்பைனைச் சுற்றிவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடும். எகிப்தின் அஸ்வானில் மின்சாரம் எடுத்த பிறகும் நைல் தண்ணீர் கீழே இருக்கும் வயலுக்குத்தான் போகிறது. எத்தியோப்பியா 2025-ல் திறந்து வைத்த 5,150 மெகாவாட் அணையிலும் அப்படித்தான். எகிப்தின் பயமெல்லாம் தண்ணீர் எப்போது, எவ்வளவு வரும் என்பதில். முல்லைப் பெரியாற்றில் கதை வேறு. சுரங்கத்துக்குள் நுழைந்த தண்ணீர் திரும்பப் பெரியாற்றுக்கு வராது. ஒரு சொட்டு கிழக்கே விழும், இல்லை மேற்கே விழும். இரண்டிலும் விழ முடியாது.

உயரத்திலும் வித்தியாசம் உண்டு. மூலமற்றத்தில் தண்ணீர் 650 மீட்டருக்கும் மேல் இருந்து விழுகிறது. லோயர்கேம்ப்பில் அந்த அளவு இல்லை. தோராயமாகக் கணக்குப் போட்டால், ஒரு டி.எம்.சி. தண்ணீர் லோயர்கேம்ப்பில் இரண்டரை கோடி யூனிட் தரும். அதே தண்ணீர் இடுக்கிக்குப் போனால் 4 கோடி யூனிட். மின்சாரத்தை மட்டும் பார்த்தால் கேரளாவின் கை ஓங்கும். ஆனால் மேற்கே விழும் தண்ணீர் மின்சாரத்தோடு முடிந்து கடலை நோக்கிப் போகும், கிழக்கே விழுவது நெல்லாகவும் குடிநீராகவும் இன்னொரு சுற்று வேலை செய்யும். யூனிட் கணக்கில் இது ஏறாது.

அடி ஏன் இவ்வளவு முக்கியம்?

104 அடிக்குக் கீழே தண்ணீர் இருந்தால் தமிழ்நாட்டால் சுரங்கத்துக்குள் எடுக்க முடியாது. எனவே அதற்கு மேலே நிற்பதுதான் உண்மையான இருப்பு. 152 அடி தேக்கினால் சுமார் 10.5 டி.எம்.சி. பயன்படும். 142 அடியில் 7.6. 136 அடியில் வெறும் 6.1.

1979-ல் அணை பலவீனமாகிவிட்டது என்ற அச்சம் கேரளாவில் பரவியதும் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு கான்கிரீட் தொப்பி, கேபிள் நங்கூரம், பின்பக்கக் கான்கிரீட் தாங்கல் என்று தமிழ்நாடு பலப்படுத்தியது. 2006-ல் 142 அடி தேக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளா சட்டம் இயற்றி அதைத் தடுத்தது. 2014 மே 7-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு மட்டம் 142 அடியைத் தொட்டது.

152 அடிக்குப் போக பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும் என்கிறது தமிழ்நாடு. அதற்காக 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. அங்கே அரசியல் புயல் கிளம்ப, சில நாட்களில் உத்தரவு ரத்தானது.

கேரளாவின் பயம் பொய்யா?

மின்சாரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட்டால் அது தப்பு. சுண்ணாம்பு, சுர்க்கி கலவையில் கட்டிய 130 வயது அணைக்குக் கீழே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தறை மக்கள் தூங்குகிறார்கள். 'அணை உடைந்தாலும் 70 டி.எம்.சி. கொள்ளளவுள்ள இடுக்கி தாங்கிக்கொள்ளும்' என்ற வாதம் அணைகளுக்கு நடுவில் வசிப்பவர்களுக்கு எந்த ஆறுதலும் தராது. 2018 வெள்ளத்தின்போது மட்டத்தைத் தற்காலிகமாக 139 அடியில் வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றமே.

கேரளா கேட்பது தற்போதைய அணைக்குக் கீழே சுமார் 366 மீட்டரில் ஒரு புதிய அணை. தண்ணீரை வழக்கம்போலத் தருவோம் என்கிறது. தமிழ்நாடு நம்பத் தயாராக இல்லை. புதிய அணை வந்தால் அதன் சாவி யாரிடம், ஒரு பைசாவுக்கு 7 யூனிட் என்ற ஒப்பந்தம் நிற்குமா, 104 அடி என்ற சுரங்க மட்டம் என்ன ஆகும்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாதவரை சென்னையில் எந்த அரசு இருந்தாலும் சம்மதிக்காது.

இதற்கிடையே தேவாரம், போடி பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 18-ம் கால்வாய் ஒவ்வொரு ஆண்டும் வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறது. அணையில் போதிய இருப்பு இருந்தால்தான் அதற்குத் திறப்பு உத்தரவு. 136 அடிக்கும் 142 அடிக்கும் இடையே உள்ள அந்த ஒன்றரை டி.எம்.சி. யாருக்கு முக்கியம் என்று கேட்டால், முதலில் கை தூக்குவது இந்தக் கால்வாயின் கடைசி மடைக்காரர்தான்.