கால் எட்டாத பைக்கும் லேத் பட்டறையும்

காலேஜ் பைக் ஸ்டாண்டில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான். புத்தம் புது ஆர்15. அதன் மேல் ஐந்தடி இரண்டங்குலப் பையன். ஓடும்போது ராஜா மாதிரி இருப்பான். சிக்னலில் நின்றதும் இரண்டு கட்டைவிரல் நுனியில் பாலே டான்ஸ்! பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆறடி நண்பன், "ஸ்டூல் கொண்டு வரட்டுமா மச்சான்?" என்று கேட்பான். அவ்வளவுதான். அடுத்த வாரமே வண்டி சென்னை ஜி.பி. ரோட்டுக்கோ, பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்கோ போய்விடும். "அண்ணே, ரெண்டு இஞ்ச் இறக்கிக் குடுங்க."

கால் எட்டவில்லை என்றால் உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் குறைக்க வேண்டியது சீட்டின் உயரம். பட்டறையில் பெரும்பாலும் குறைப்பது வண்டியின் உயரம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை, வளைவில் தெரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. 2008-ல் வந்த முதல் ஆர்15-ன் சீட் உயரம் 790 மி.மீ. 2018-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அது 815 ஆகிவிட்டது. பத்து வருஷத்தில் வாங்குகிறவர்களின் கால் ஒன்றும் 25 மி.மீ. வளர்ந்துவிடவில்லை! 2017-ம் வருட 390 டியூக் 830 மி.மீ. இன்னொரு பக்கம், கவாசாகி நிஞ்சா 400, அதாவது 399 சி.சி. ரெட்டை சிலிண்டர் வண்டி, வெறும் 785 மி.மீ. நம் ஊரில் பால்காரர் ஓட்டும் ஸ்பிளெண்டரும் அதே 785தான். ஆக, வேகமான வண்டி என்றாலே உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2018-ல் ஸ்பெயின் நாட்டு ஆனா கராஸ்கோ சூப்பர்ஸ்போர்ட் 300 உலக சாம்பியன் பட்டம் வென்றது அந்த நிஞ்சா 400-ல்தான். தனி ஆள் பைக் ரோடு ரேஸில் உலகப் பட்டம் வென்ற முதல் பெண் அவர். அவரும் நெட்டையானவர் இல்லை.

மோட்டோ ஜிபி பார்ப்பவர்களுக்கு டானி பெட்ரோசாவைச் சொல்லவே வேண்டாம். உயரம் சுமார் 160 செ.மீ. 2006 முதல் 2018 வரை ஹோண்டாவில் ஓட்டி 31 ரேஸ் ஜெயித்தவர். ("ரேஸ் டிராக்கில் கிண்டி சிக்னல் கிடையாதே" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். பிட்டில் வண்டியைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். நம் ஆளுக்கு யார் இருக்கிறார்கள்?)

சரி, பட்டறையில் என்ன நடக்கிறது? ஆர்15 போன்ற வண்டிகளில் பின் சஸ்பென்ஷனுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே ஒரு லிங்க் இருக்கும். நாய் கடிக்கும் எலும்பு போல இருப்பதால் டாக்போன் என்பார்கள். அதைக் கழற்றிவிட்டு கொஞ்சம் நீளமான ஒன்றை மாட்டினால் வண்டியின் பின்பக்கம் இறங்கிவிடும். அரை மணி நேர வேலை. டியூக் மாதிரி லிங்க் இல்லாத வண்டி என்றால் ஸ்பிரிங்கையே வெட்டிவிடும் புண்ணியவான்களும் உண்டு.

வண்டியின் முன்பக்கம் அதே உயரத்தில் இருக்க, பின்பக்கம் மட்டும் இறங்கினால் என்ன ஆகும்? 1,325 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டியில் பின்பக்கத்தை 25 மி.மீ. இறக்கினால் மொத்த வண்டியும் சுமார் ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. முன் ஃபோர்க்கும் அதே ஒரு டிகிரி கூடுதலாகச் சாயும். ஒரு டிகிரிதானே என்று சிரிக்கலாம். ஸ்போர்ட்ஸ் பைக் சொன்னபடி சட்டென்று திரும்புவதே அந்த ஃபோர்க் செங்குத்தாக நிற்பதால்தான். சாய்ந்தால் திரும்ப அடம்பிடிக்கும், முன் டயர் மேல் இருக்கும் எடையும் குறையும். இத்தனை லட்சம் கொடுத்து ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கி, அதன் ஸ்போர்ட்ஸைக் கழற்றி லேத்காரரிடம் கொடுத்துவிட்டு வருவதற்கு என்ன பெயர்?

அதோடு நிற்காது. வேகத்தடையில் அடி தட்டும். பின் டயர் மட்கார்டில் உரசலாம், அதிலும் பின்னால் ஆள் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். செயின் தளர்ச்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட வேடிக்கை சைடு ஸ்டாண்ட். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் அதே நீளம். அதனால் வண்டி சாயாமல் கிட்டத்தட்ட நேராக நிற்கும். பக்கத்து வண்டியை எடுக்கிறவர் லேசாக இடித்தால் போதும், மறுபக்கம் சாய்ந்து வரிசையாக நாலு வண்டியைக் கூட்டிக்கொண்டு போகும். உடனே ஸ்டாண்டையும் வெட்டி வெல்டிங் வைக்கப் போவார்கள். அப்புறம் வண்டியை விற்கும்போது பழைய லிங்க்கை மாட்டினால், வெட்டிய ஸ்டாண்டில் வண்டி படுத்தே விடும்! ஒரு வேலைக்கு மூன்று செலவு, கடைசியில் மறுவிற்பனை விலையிலும் அடி. காமர்ஸ் படிக்கிறவர்களுக்காவது இந்தக் கணக்கு புரிய வேண்டாமா?

சட்டமும் இருக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி வெட்டு, வெல்டிங்கைத்தான்.

அப்படியென்றால் குட்டையாகப் பிறந்தவன் ஸ்கூட்டர்தான் ஓட்ட வேண்டுமா? யார் சொன்னது! வழி சீட்டிலேயே இருக்கிறது. நல்ல குஷன் கடைக்காரரிடம் கொடுத்தால் பஞ்சை 20 மி.மீ. வரை சீவித் தருவார். அதற்கு மேல் சீவினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு இடுப்பெலும்போடு நேரடியாகப் பேச ஆரம்பித்துவிடும். உயரத்தைவிட முக்கியம் அகலம். சீட்டின் முன் விளிம்பு அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் நேராக இறங்காது. அந்த இரண்டு விளிம்பையும் சரித்துச் சீவினால் உயரத்தைத் தொடாமலேயே பாதம் இன்னும் கீழே இறங்கும். 815 மி.மீ. உள்ள ஒல்லி சீட் எட்டும், 790 உள்ள அகல சீட் எட்டாது என்பதெல்லாம் இதனால்தான். ஒரிஜினல் சீட்டை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, இன்னொரு சீட்டை வாங்கி அதில் வேலை செய்வது புத்திசாலித்தனம். பிடிக்கவில்லை என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ இன்னொரு 20 மி.மீ. கொடுக்கும். (கியர் லீவரைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டியிருக்கும்.) ஸ்பிரிங் பிரீலோடை மாற்ற வசதியுள்ள வண்டியில், ஒல்லியான ஆள் அதைக் குறைத்து வைப்பதும் நியாயம்தான். பின் சஸ்பென்ஷனுக்கு 100 மி.மீ. அசைவு இருந்தால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் 30 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். ஐம்பது கிலோ ஆள் உட்கார்ந்து அந்த அளவுக்கு இறங்கவில்லை என்றால், செட்டிங் அவருக்கானது இல்லை என்று அர்த்தம். முப்பதைத் தாண்டித் தளர்த்துவதும் தப்பு. இவ்வளவுக்குப் பிறகும் லிங்க் மாற்றியே தீர வேண்டும் என்றால், முன் ஃபோர்க்கையும் அதற்கு ஈடாக மேலே ஏற்றி, முழுசாக அமுங்கும்போது முன் சக்கரம் ரேடியேட்டரில் இடிக்கவில்லை என்று பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தலைக்குள் இருக்கிறது. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. சிக்னலில் இடுப்பை லேசாக இடப்பக்கம் நகர்த்தி, இடது காலை நன்றாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைத்திருந்தால் போதும். மேட்டில் நின்றாலும் வண்டி பின்னால் உருளாது. நுனிவிரல்காரர்கள் விழுவது ஓட்டும்போது இல்லை, வண்டியைப் பின்னால் தள்ளும்போதுதான். அதனால் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்தக்கூடாது. தள்ள வேண்டியிருந்தால் இறங்கித் தள்ளிவிட்டுப் போகட்டும், கௌரவம் ஒன்றும் குறையாது. "ஸ்டூல் கொண்டு வரட்டுமா" நண்பனையே பிடித்துத் தள்ளச் சொல்லலாம் :-)

தயாரிப்பாளர்களையும் சும்மா விடக்கூடாது. ராயல் என்ஃபீல்டு 2023-ல் விட்ட ஹிமாலயன் 450-க்கு 825 மி.மீ. சீட்டோடு, 805-க்கு இறக்கும் தாழ்ந்த சீட்டையும் தனியாகக் கொடுத்தது. அதே வருடம் வந்த புது 390 டியூக்கில் 800, 820 என்று இரண்டு உயரத்தில் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். மலை ஏறும் வண்டிக்கே முடிகிறது என்றால், கல்லூரிப் பையன்களையும் பெண்களையும் குறிவைத்து விற்கும் 150 சி.சி. வண்டிகளுக்கு ஏன் முடியாது? ஷோரூமில் கலர் கலராக ஸ்டிக்கர் விற்கிறார்கள். பக்கத்தில் 20 மி.மீ. தாழ்ந்த சீட் ஒன்றை மாட்டி வைத்து, "உட்கார்ந்து பாருங்க சார், உட்கார்ந்து பாருங்க மேடம்" என்று சொன்னால் லேத் பட்டறை அண்ணனுக்கு மட்டும்தான் நஷ்டம்.