கொல்லைக்குப் போனது மட்கி வரட்டும்

தஞ்சைப் பக்கம் மலம் கழிக்கப் போவதைக் 'கொல்லைக்குப் போறது' என்பார்கள். தின்றது மண்ணுக்கே திரும்பணும் என்கிற கணக்கு அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. இப்போது கொல்லைக்குப் போவது செப்டிக் டேங்க் லாரி.

போன மாசம் எங்கள் தென்னந்தோப்பு வாசலிலும் ஒன்று வந்து நின்றது. "அண்ணே, காசு வேணாம், சும்மாவே இறக்கிட்டுப் போறேன். தென்னைக்கு நல்லாப் புடிக்கும்" என்றார் ஓட்டுநர். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். "இயற்கை விவசாயம் பேசுற நீங்களே வேணாங்கறீங்களே?" என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது.

மலத்தில் சத்து இருக்கிறது, மறுக்கவில்லை. சீன, கொரிய, ஜப்பானிய உழவர்கள் அதை வைத்தே தலைமுறை தலைமுறையாக நிலத்தின் வளம் காத்ததை எஃப்.எச். கிங் தம் நூலில் எழுதினார். அது வந்தது 1911-இல். நமக்கும் இது புதுசில்லை. 1930-களின் கடைசியில் சி.என். ஆச்சார்யா உருவாக்கிய 'பெங்களூர் முறை'யில், ஊர்க் குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காய்ப் போட்டு, மண்ணால் மூடி, ஆறு முதல் எட்டு மாதம் மட்க விட்டார்கள். கவனியுங்கள்: மட்க விட்டார்கள். பச்சையாகப் பாய்ச்சவில்லை.

பச்சைக் கழிவில் உருளைப்புழு முட்டை உயிரோடு இருக்கும். மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். வெறுங்காலோடு களை எடுக்கும் பெண்களுக்குக் கொக்கிப்புழு வேறு. இதைக் கொல்வது சூடுதான்.

லாரிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். முதலில் மணல் படுகையில் வடித்துக் காய வைக்கணும். காய்ந்த கசடு ஒரு பங்கென்றால் கரும்புத் தோகை, வாழைச் சருகு, களைச்செடி மூன்று பங்கு. கசடில் தழைச்சத்து, தோகையில் கரிச்சத்து. ரெண்டும் சேர்ந்தால்தான் குவியல் சூடேறும். 55 டிகிரிக்கு மேல் பல நாள் நிற்கணும். ஓரத்தில் கிடப்பது நடுவுக்கு வரும்படி புரட்டணும். சூட்டைக் கைக்கணக்கில் சொல்ல முடியாது, வெப்பமானி வேணும். அப்புறமும் சில மாதம் ஆறப் போட்டு, மரப்பயிருக்கு மட்டும் வைக்கலாம். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டவே வேண்டாம்.

ஆலைக் கழிவு கலந்துவிட்டால் அதிலுள்ள கன உலோகம் எந்தச் சூட்டிலும் போகாது. அதனால் வீட்டுக் கழிவு மட்டும்தான், அதுவும் ஆய்வகச் சோதனையோடு. இயற்கைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், சான்று தருபவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இன்னொன்று. அந்தக் காலத்துக் குழிகளுக்கு மலத்தைத் தலையில் சுமந்து வந்தவர்கள் யார்? எந்தச் சாதியின் தலையில் அந்த வேலையைக் கட்டினோம்? கையால் மலம் அள்ள வைப்பது இன்று சட்டப்படி குற்றம். நம்ம எருவுக்காக மறுபடி அதே ஆட்கள் குனிய வேண்டியிருந்தால், அந்த எரு நமக்கு வேண்டாம். இயந்திரம், கையுறை, காலணி, முறையான சம்பளம் எல்லாம் இருந்தால்தான் வேலை.

இதெல்லாம் ஒரு தனி உழவரால் தோப்பில் ஆகிற காரியமில்லை. பேரூராட்சி செய்யணும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் லாரிக் கழிவைச் சுத்திகரிக்க நிலையம் கட்டியிருக்கிறார்கள். நம்ம ஊருக்கும் கேட்போம். கொளுத்தி வீணாக்கும் தோகையையும் சருகையும் நாம கொடுப்போம். மட்கிய எரு நம்ம நிலத்துக்கு வரட்டும்.

அதுவரைக்கும் லாரி வந்தால், கேட்டைத் திறக்காதீங்க.